கையில் தொழில் உள்ளவர் அரசாங்கப் பயிற்சிக்குப் போகத்தான் வேண்டுமா?

துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். அவருடைய தம்பிக்கு 23 வயது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை. நான்கு ஆண்டுகளாக ஒரு வயரிங் பாஸுடன் வேலைக்குப் போய் நாட்சம்பளம் எடுக்கிறார். வீட்டுச் செலவில் பெரும்பகுதி அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவரை அரசாங்கம் இலவசமாக நடத்தும் மின்னியலாளர் பயிற்சிக்கு அனுப்பினால் வேலை நிச்சயமா, அல்லது பணம் கட்டினால் ஆறு மாதத்தில் ‘சர்வதேச டிப்ளோமா’ தருவதாகச் சொல்லும் வவுனியாவின் தனியார் நிலையம் ஒன்றுக்கு அனுப்புவது நல்லதா என்று கேட்கிறார். கடைசி வரியில், தானும் தையல் பாடநெறி ஒன்றுக்குப் போகலாமா என்று சேர்த்திருக்கிறார். இரண்டு நிலையங்களில் எது சிறந்தது என்பதைவிட, கட்டணம் இல்லாத பயிற்சிக்கும் உள்ள விலையை இந்த வீடு தாங்குமா, தாங்கினால் அதற்கு ஈடாக என்ன கைக்கு வரும் என்பதே உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதாக எனக்குப் படுகிறது. வன்னியில் மின்னியல் போதனாசிரியராகப் பல ஆண்டுகளும், அதன்பின் தொழிற் தகைமை மதிப்பீட்டாளராகவும் வேலை செய்தவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மின்னியல் தொழிலைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். தையலைப் பற்றிச் சொல்லப்போவது பக்கத்து வகுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கருத்து மட்டுமே.

முதலில் விலையைக் கணக்கிடுங்கள். மின்னியலாளர் பாடநெறி ஒன்று நிலையத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை முழுநேரமாக நடக்கும். அதன்பின் சில மாதங்கள் வேலைத்தளப் பயிற்சி உண்டு. தம்பி ஒரு நாளைக்கு எடுக்கும் சம்பளத்தை மாதத்தில் அவர் உண்மையாக வேலைக்குப் போகும் நாட்களால் பெருக்கி, அந்த மாதக் கணக்கை ஒன்றரை வருடத்துக்கு நீட்டிப் பாருங்கள். அதனுடன், உங்கள் பக்கத்து மல்லாவியிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9 வீதியில் வேறு பஸ் பிடிக்கும் பயணச் செலவையும், பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வரும் செலவையும் சேருங்கள். அரச நிலையங்களில் பயிற்சி பெறுவோருக்குப் பருவகாலச் சீட்டும், சில பாடநெறிகளுக்குச் சிறு கொடுப்பனவும் கிடைப்பதுண்டு. அந்தக் கொடுப்பனவு ஆண்டுக்கு ஆண்டு, அமைச்சுக்கு அமைச்சு மாறுவது. மாதம் பிந்தியும் வரும். அதை நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். பயிற்சிக்குச் சேர்ந்து மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாடம் விளங்காமல் நின்றவர்கள் அவர்களில் மிகக் குறைவு; வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் போனது, நெல்லு அறுவடைக்கு ஆள் தேவைப்பட்டது, கடன்காரர் வந்தது என்பவைதான் காரணங்கள். படிப்பை விட்டவர் என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது.

ஆகவே என் பதில் இப்படி அமைகிறது: உங்கள் தம்பி முதலில் எந்தப் பாடநெறியிலும் சேர வேண்டியதில்லை. நான்கு வருடங்கள் வேலை செய்து அவர் கற்றதை மதிப்பிட்டு, அதற்கே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி ஒன்று இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர், அலுவலகங்களில் ‘ஆர்.பி.எல்.’ என்றால்தான் உடனே விளங்கும். இதற்குச் சாதாரண தரச் சித்தி கேட்பதில்லை, கணிதமும் தடையில்லை. சம்பளம் இழப்பது நேர்முகத்துக்கும் மதிப்பீட்டுக்கும் போகும் சில நாட்களுக்கு மட்டும். மதிப்பீட்டுக் கட்டணம் ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் இடத்திலேயே அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு வருடப் பாடநெறிக்காக இழக்கும் சம்பளத்துடன் ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான்.

என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழிற் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் மட்டம் நுழைவுத் திறன். 2, 3, 4 ஆகியவை தேசியச் சான்றிதழ்கள். 5, 6 டிப்ளோமாக்கள். 7 பட்டத்துக்குச் சமமானது. மூன்றாம் மட்டம் பெற்றவர் ஓரளவு மேற்பார்வையுடன் வேலை செய்யக் கூடியவர் என்றும், நான்காம் மட்டம் பெற்றவர் தனித்து நின்று வேலையைப் பொறுப்பேற்கக் கூடிய கைவினைஞர் என்றும் நடைமுறையில் கொள்ளலாம். நான்காம் மட்டத்தைப் பெற்றவருக்கு அதே துறையில் ஐந்தாம் மட்டத்துக்குப் போகும் கதவு திறக்கும். அதற்கு மேலே, 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, இரத்மலானையிலுள்ள தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரை போகலாம். உயர்தரம் (ஏ.எல்.) இல்லாத ஒருவருக்கு இந்நாட்டில் பட்டம் வரை போக இருக்கும் ஒழுங்கான பாதைகளில் இது ஒன்று. எத்தனை பேர் அந்த நீளம் முழுவதையும் நடந்து முடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஐந்தாம் மட்டத்தில் ஆங்கிலமும் கணிதமும் மீண்டும் எதிரே வந்து நிற்கும்.

விண்ணப்பத்தை மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்திலோ, நைற்றா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலோ பெறலாம். அடையாள அட்டைப் பிரதி, தொழில் செய்த காலத்தை உறுதிப்படுத்தும் கடிதங்கள், செய்த வேலைகளின் படங்கள் ஆகியவற்றை ஒரு கோவையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு நேர்முகம் நடக்கும். எந்த மட்டத்துக்கு முயலலாம் என்று அதில் சொல்வார்கள். பின்னர் ஒரு நாள் குறித்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்முறையும் வாய்மொழிக் கேள்விகளும் இடம்பெறும். தமிழிலேயே பதில் சொல்லலாம். தொழிலுக்கு என்னென்ன திறன் வேண்டும் என்று வகுத்துள்ள தேசியத் தேர்ச்சி நியமத்திலுள்ள எல்லா அலகுகளிலும் தேறாவிட்டாலும் முழுவதும் வீணாகாது. தேறிய அலகுகளைக் குறித்து ஓர் அடைவுப் பதிவு தரப்படும், குறைந்த அலகுகளை மட்டும் பின்னர் கற்று நிரப்பிக்கொள்ளலாம்.

மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன் என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாஸுடன் பழகிய பிள்ளைகளின் கை வேகம் எங்கள் நிலையப் பிள்ளைகளிடம் இருப்பதில்லை. குழாய் பதிப்பதும், வயர் இழுப்பதும், இருவழிச் சுவிட்ச் இணைப்பதும், டி.பி. பெட்டியை (மின்பகிர்வுப் பெட்டியை) அழகாக முடிப்பதும் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. விழுவது வேறு இடங்களில். ஏர்த் கம்பியை அடித்து இறக்கியிருப்பார்கள், அதன் தடையை ஒரு நாளும் அளந்திருக்க மாட்டார்கள். வயரின் காப்புத் தடையை அளக்கும் கருவியான மெகரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள், கையில் பிடித்திருக்க மாட்டார்கள். வீடுகளுக்கு 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஏன் போடுகிறோம், எம்.சி.பி. இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டால், ‘பாஸ் போடச் சொன்னவர்’ என்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, மிகைச் சுமையும் குறுக்குச் சுற்றும் வந்தால் அது விழும். ஒரு மனிதரின் உடலூடாக நிலத்துக்குக் கசியும் சிறு மின்னோட்டம் அதை அசைக்காது. ட்ரிப் சுவிட்ச் அந்தக் கசிவைத்தான் கண்டுபிடித்து நிறுத்துகிறது. இந்த ஒரு விளக்கத்தைத் தன் சொற்களில் சொல்லத் தெரிந்தவரை மதிப்பீட்டாளர் வேறு கண்ணால் பார்ப்பார். வயரின் பருமனைச் சுமைக்கு ஏற்பத் தெரிவது, வயரிங் வரைபடத்தைக் கடதாசியில் பார்த்து வாசிப்பது, வேலை தொடங்குமுன் மின் இல்லையென்று சோதித்து உறுதிசெய்வது ஆகியவை அடுத்த பலவீனங்கள். தம்பி ஒரு மாதம் இரவில் இவற்றைப் படித்து, எங்காவது ஒரு மெகரை வாங்கிப் பழகினால் மூன்றாம் மட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. நான்காம் மட்டத்தை அவரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பாஸுக்குப் பின்னால் நின்று பொருள் எடுத்துக் கொடுத்த நான்கு வருடமும், தனியே வீடுகளை முடித்த நான்கு வருடமும் ஒன்றாகா.

சான்றிதழ் வந்தபின் என்ன மாறும்? அடுத்த நாளே நாட்சம்பளம் கூடாது. மல்லாவியில் வீடு கட்டுகிறவர் சான்றிதழைப் பார்த்து ஆள் பிடிப்பதில்லை. வெளியே போகும்போதுதான் அதன் பெறுமதி தெரியும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னியலாளர்களுக்கு உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவர முனைந்தபோது மூன்றாம் மட்டத்தையே அடிப்படைத் தகைமையாக வைத்தது. அரச திணைக்களங்களின் திறன்சார் பதவிகளுக்கான விளம்பரங்களிலும் இந்த மட்டங்கள் கேட்கப்படுகின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவரை உதவியாளராகக் கணக்கிடுவதா மின்னியலாளராகக் கணக்கிடுவதா என்பதையும் அது பல வேளைகளில் தீர்மானிக்கிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி மின்னிலையம் எழுந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை வந்துவிடும் என்று பலர் பேசினார்கள். இப்படியான திட்டங்களுக்குக் கட்டும் காலத்தில் ஏராளமான ஆட்கள் வேண்டும். ஓடத் தொடங்கியபின் மிகச் சிலரே போதும். கூரை மேல் சூரியத் தகடு பொருத்தும் வேலை அப்படியில்லை, அது ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. வயரிங் தெரிந்த இளைஞருக்கு அதை ஒரு நல்ல அடுத்த படியாகக் கருதுகிறேன்.

மூன்றாம் மட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுநேரப் பாடநெறியை யோசிப்பதானால் இடங்கள் உள்ளன. தொழிற்பயிற்சி அதிகாரசபை 1995 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மாவட்ட நிலையமும் கிராமிய நிலையங்களும் அதற்கு உண்டு, சேர்க்கை பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அது தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களத்தின் கீழ் வருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு அருகே, ஜேர்மன் அரசின் உதவியுடன் கட்டப்பட்டு 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வேலைக்கூடங்களின் தரத்தைப் பார்த்தால் வடக்கில் என் முதல் தெரிவு அதுதான். ஐந்தாம் மட்டத்தை நினைப்பவர் அங்கு விசாரிக்க வேண்டும். வீட்டுச் செலவுக்குச் சம்பளம் நிற்கக் கூடாது என்பவருக்கு நைற்றாவின் பயிலுநர் முறை பொருந்தலாம். அதில் பயிற்சி ஒரு தொழில் நிறுவனத்திலேயே நடக்கும். நிறுவனம், பயிலுநர், அதிகாரசபை ஆகியோருக்கிடையே ஒப்பந்தம் எழுதப்படும். சிறிய கொடுப்பனவும் உண்டு. 1971 இல் தேசிய பயிலுநர் சபையாகத் தொடங்கிய பழைய முறை இது. வன்னியில் அதன் குறை, பயிலுநரை எடுக்கக்கூடிய அளவில் பெரிய மின்னியல் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பதுதான்.

எந்த அரச நிலையத்துக்குப் போனாலும் சேருமுன் பொறுப்பதிகாரியிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: கடந்த தொகுதிப் பிள்ளைகள் வேலைத்தளப் பயிற்சிக்கு எங்கே போனார்கள்? பயிற்சி முடிந்து வேலை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பிரித்தது பெரும்பாலும் இந்த மாதங்கள்தான் என்பது என் அனுபவம். உண்மையான கட்டட வேலையில், ஆலையில், விடுதியில் நின்றவரை அந்த இடமே பிடித்துவைத்துக்கொண்டது. உள்ளூரில் தெரிந்த கடை ஒன்றில் கையெழுத்து வாங்கி நாட்குறிப்பை நிரப்பியவர் சான்றிதழுடன் வீட்டில் இருந்தார். நல்ல வேலைத்தளங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. அங்கே தங்குமிடச் செலவை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். பயிற்சி வேலை தரும் என்று எந்த நிலையமும் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் அந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

இது வவுனியா நிலையத்துக்கும் பொருந்தும். நான் அதைப் பார்த்ததில்லை, எனவே அதைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் சோதிக்கும் முறை உண்டு. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்பயிற்சி வழங்கும் நிலையங்கள், தனியார் நிலையங்கள் உட்பட, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்திருக்க வேண்டும். நிலையத்தின் பதிவு ஒன்று, பாடநெறியின் தரச்சான்று அங்கீகாரம் இன்னொன்று. சுவரில் பதிவு இலக்கத்தை மாட்டிவைத்துவிட்டு, அங்கீகாரம் பெறாத பாடநெறியை நடத்துவது வழமையான தந்திரம். அப்படிப்பட்ட பாடநெறியை முடித்தவருக்கு நிலையத்தின் சொந்தச் சான்றிதழ் கிடைக்கும், என்.வி.கியூ. கிடைக்காது. அந்த ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தேடிப் பார்க்கலாம், தொலைபேசியிலும் கேட்கலாம். ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு எந்தக் கனமும் கொடுக்காதீர்கள். சாதாரண தரக் கணிதம் இல்லாத ஒருவருக்கு ஆறு மாதத்தில் டிப்ளோமா தருவோம் என்பது, டிப்ளோமா ஐந்தாம் மட்டத்தில்தான் தொடங்குகிறது என்பதை அறிந்தவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். பயிற்சியுடன் வெளிநாட்டு வேலையும் எடுத்துத் தருவோம் என்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம், கடவுச்சீட்டையும் கொடுக்க வேண்டாம்.

வேலை தேடுவோருக்கான உதவி என்று பார்த்தால், எங்கள் நாட்டில் வேலையில்லாக் காலத்துக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு இல்லை. அஸ்வெசும கொடுப்பனவு வறுமைக்கானது, வேலையின்மைக்கானதன்று. இருப்பது மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களம். உங்கள் பிரதேச செயலகத்தில் அதன் உத்தியோகத்தர் இருப்பார். வேலை தேடுபவராகப் பதிவுசெய்யலாம், தொழில் வழிகாட்டல் பெறலாம், தொழிற்சந்தை நடக்கும் நாளை அறியலாம். பதிவு செய்வதில் நட்டமில்லை. தொழிற்சந்தைகளுக்கு வருபவை பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலை, பாதுகாவலர், காப்புறுதி முகவர், சுப்பர் மார்க்கெட் வேலைகள். மின்னியலாளர் இடங்கள் அங்கு அரிது. ஆனால் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் தேவையா என்று தொழிற்சாலைக்காரரிடம் நேரே கேட்க அது வசதியான நாள். தனியார் வேலை கிடைத்தால் முதல் மாதமே ஊழியர் சேமலாப நிதிக்குப் பெயர் போகிறதா என்று பாருங்கள்: தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து கட்டப்பட வேண்டும், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். அரசாங்க வேலை வரும்வரை காத்திருப்போம் என்ற எண்ணம் வீட்டில் இருந்தால், அந்தக் காத்திருப்பைத் தொழிலை நிறுத்தாமல் செய்யுங்கள். முப்பது வயது வரை விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே கைப்பழக்கத்தை இழந்தவர்களை வன்னியில் எல்லா ஊரிலும் காணலாம்.

உங்கள் தையல் கேள்விக்கு வருகிறேன். போர் முடிந்த பின்னர் இந்தப் பக்கத்தில் பெண்களுக்கென்று வந்த பயிற்சிகளில் தையலும் கேக் அலங்காரமும் அழகுக்கலையும் அளவுக்கு மீறி வந்தன. பல வீடுகளில் தையல் இயந்திரம் மூடித்தான் கிடக்கிறது. கற்பித்தவர்களின் திறமையில் குறையில்லை, ஒரே ஊரில் பத்துப் பேர் தைத்தால் சட்டை தைக்கக் கொடுப்பவர் போதாது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போக நினைத்தால் பாடநெறி தேவையில்லை, அவர்களே பழக்கி எடுப்பார்கள். வீட்டிலிருந்து தைக்க நினைத்தால், பாடசாலைச் சீருடை, சாறி பிளவுஸ் ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாதாரண தரம் சித்தியடைந்திருந்தால், தகவல் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், முதியோர் பராமரிப்பு ஆகிய பாடநெறிகளையும் விசாரிக்கலாம். நானிருந்த காலத்தில் மின்னியல் வகுப்புக்கு வந்த பெண்கள் மிகச் சிலர். வந்தவர்கள் அளவைக் கருவிகளை ஆண் பிள்ளைகளைவிடப் பொறுமையாகக் கையாண்டார்கள்.

விண்ணப்பிக்குமுன் ஆவணங்களைச் சரிபார்ப்பதே இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. இடப்பெயர்வில் பரீட்சைப் பெறுபேறு தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஓர் எழுத்தும் விடாமல் பாருங்கள், என்.வி.கியூ. சான்றிதழில் எந்த எழுத்தமைப்பு அச்சாகிறதோ அதுவே வெளிநாட்டுத் தூதரகத்தில் ஒப்பிடப்படும், அச்சான பின் திருத்துவது நீண்ட அலைச்சல். அடுத்தது பாஸிடமிருந்து கடிதம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்னென்ன வேலை, எந்த இடங்களில் என்று குறிப்பிட்டு, அவருடைய அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். ‘நல்ல பிள்ளை, நேர்மையானவர்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை நாங்கள் ஓரமாக வைத்துவிடுவோம். தம்பி தனியே முடித்த வீடுகள் இருந்தால் வீட்டுக்காரரிடம் தனித்தனியே கடிதம் வாங்கி, கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் டி.பி. பெட்டியை மூடுமுன் ஒன்றும் மூடியபின் ஒன்றுமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.